எதிர்ப்புச் சக்தி புட்டியில் வருவதில்லை

தினமும் நல்ல பாக்டீரியாவைக் குடித்தால் எதிர்ப்புச் சக்தி கூடும், நோய் அண்டாது என்கிறார்கள். இன்று இதை மறுத்துப் பேசுபவரைக் காண்பது அரிது. விளம்பரம் சொல்கிறது, வாட்ஸ்அப் சொல்கிறது. மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கினால் கூடவே ஒரு பட்டை ‘லாக்டோ’ மாத்திரையும் பைக்குள் வந்துவிடுகிறது. பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்று மருத்துவரிடம் போனால், பாக்டீரியா வித்துகள் மிதக்கும் குட்டிப் புட்டிகள் சீட்டில் இடம்பிடிக்கின்றன. படித்தவர் படிக்காதவர் என்ற வேறுபாடு இந்த நம்பிக்கைக்கு இல்லை. இது தவறான நம்பிக்கை என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

குடல் பாக்டீரியாவுக்கும் நோய் எதிர்ப்பாற்றலுக்கும் உறவே கிடையாது என்பதல்ல என் கட்சி. அந்த உறவு இந்த வியாபாரம் காட்டுவதைவிடப் பல மடங்கு ஆழமானது. ஆழம் தெரிந்தால் புட்டி விற்காது என்பதுதான் சிக்கல்.

‘எதிர்ப்பு மண்டலத்தில் எழுபது சதவீதம் குடலில்தான் இருக்கிறது, ஆகவே குடலுக்கு நல்ல பாக்டீரியாவைக் கொடுங்கள்’ என்ற வாதம் எல்லாப் பக்கமும் ஒலிக்கிறது. எதிர்ப்பு அணுக்கள் குடல் சுவரில் பெருமளவில் குவிந்திருப்பது உண்மை. அவை அங்கே என்ன செய்கின்றன என்பதை இந்த வாதம் கேட்பதே இல்லை. நாம் விழுங்கும் ஒவ்வொரு கவளமும் உடலுக்கு அந்நியப் பொருள். குடலில் குடியிருக்கும் கோடானுகோடி பாக்டீரியாவும் அந்நியர்தான். இவற்றை எல்லாம் எதிர்த்துக் கிளம்பினால் குடல் புண்ணாகிப் போகும். ஆகவே குடல் சுவரில் உள்ள எதிர்ப்பு அணுக்களுக்குப் பெரும்பாலான நேரம் வேலையே, சண்டைக்குப் போகாமல் இருப்பது. யாரை விட்டுவைப்பது, யாரைத் தடுப்பது என்ற தேர்ச்சியைத்தான் அவை குடல் பாக்டீரியாவிடமிருந்து பெறுகின்றன.

கிருமியே இல்லாத சூழலில் வளர்க்கப்படும் ஆய்வக எலிகளைப் பாருங்கள். அவற்றின் குடல் சுவரில் இருக்கவேண்டிய நிணநீர்த் திட்டுகள் வளர்ச்சி குன்றிக் கிடக்கும். குடலின் உட்புறத்தைக் காக்கும் ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதம் குறைவாகவே சுரக்கும். சாதாரண எலியின் குடல் பாக்டீரியாவைக் குடியேற்றினால் நிலைமை மாறத் தொடங்குகிறது. எந்த பாக்டீரியா என்ன மாற்றத்தைச் செய்கிறது என்பதையும் ஓரளவு பிரித்துக் கண்டிருக்கிறார்கள். இழை வடிவ பாக்டீரியா ஒன்று குடலில் ஒட்டிக்கொண்டால் அழற்சியைத் தூண்டும் டி-எச் 17 வகை அணுக்கள் பெருகுகின்றன என்று 2009இல் தெரிந்தது. கிளாஸ்ட்ரிடியா குடும்பத்தைச் சேர்ந்த சில பாக்டீரியா அழற்சியை அடக்கும் அணுக்களைப் பெருக்குகின்றன என்பது 2011இல் வெளிவந்தது. நாம் தின்னும் நார்ச்சத்தைப் புளிக்கவைத்து பாக்டீரியா உண்டாக்கும் பியூட்டிரேட் என்ற அமிலம் குடல் சுவர் அணுக்களுக்கு உணவாகிறது. அழற்சியைத் தணிக்கவும் உதவுகிறது. ஒரு பாக்டீரியா முடுக்குகிறது, இன்னொன்று தணிக்கிறது. இரண்டும் வேண்டும், அளவோடு வேண்டும். இதில் ‘கூட்டுவது’ என்ற பேச்சுக்கு இடம் எங்கே?

எதிர்ப்புச் சக்தி கூடக் கூட நல்லது என்ற நினைப்பே ஆபத்தானது. ஆஸ்துமா, முடக்குவாதம், லூபஸ், குழந்தைகளுக்கு வரும் முதல் வகை நீரிழிவு எல்லாம் எதிர்ப்பாற்றல் தடம் மாறிப் பாய்வதால் வருபவை. கொரோனா காலத்தில் நாடு முழுவதும் எதிர்ப்புச் சக்திக் கஷாயமும் மாத்திரையும் மூட்டை மூட்டையாக விற்றன. அந்த நோயில் உயிரைக் காத்ததாக முதன்முதலில் உறுதியான மருந்து எது? 2020 ஜூனில் இங்கிலாந்தின் ரெக்கவரி ஆய்வு அறிவித்த டெக்ஸாமெத்தசோன். செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களிடையே சாவை அது மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. அது எதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் ஸ்டீராய்டு. அவ்வளவு பெரிய பாடத்துக்குப் பிறகும் ‘எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்’ என்ற வாசகம் அட்டைகளில் இருந்து மறையவில்லை.

இந்த நம்பிக்கையின் வேர் பழையது. பாரிஸில் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்த இலியா மெச்னிகோவ், பல்கேரிய விவசாயிகள் நெடுநாள் வாழ்வதற்கு அவர்கள் உண்ணும் புளித்த பாலே காரணம் என்று எழுதினார். அவர் நோபல் பரிசு பெற்றவர் என்பதால் அந்தக் கருத்துக்கும் நோபல் முத்திரை விழுந்துவிட்டது. 1908இல் பால் எர்லிக்குடன் அவர் பகிர்ந்துகொண்ட பரிசு, கிருமிகளை விழுங்கும் அணுக்களைக் கண்டதற்காக. தயிருக்காக அல்ல. பல்கேரியத் தயிர் பாக்டீரியா மனிதக் குடலில் நிலைத்துக் குடியேறுவதில்லை என்பது பின்னால் தெரிந்தது. ஆனால் கதை அதற்குள் உலகம் சுற்றிவிட்டது. இன்றும் புரோபயாடிக் விளம்பரங்கள் அவர் பெயரில்தான் தொடங்குகின்றன.

எது புரோபயாடிக்? உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் நிறுவனமும் 2001இல் கூட்டிய நிபுணர் குழு தெளிவாக வரையறுத்தது: உயிருள்ள நுண்ணுயிர், போதுமான அளவில் கொடுக்கும்போது, உடல்நலத்துக்கு நன்மை தரவேண்டும். நன்மை நிரூபிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது அதிலேயே அடங்கியிருக்கிறது. அந்த நன்மை இனத்துக்குப் பொதுவானதல்ல, குறிப்பிட்ட ரகத்துக்கு உரியது. வெள்ளத்தைத் தாங்கும் நெல் ரகம் இருக்கிறது என்பதற்காக எந்த விதைநெல்லையும் வெள்ளக்காட்டில் தெளிக்கும் விவசாயி உண்டா? ஈ.கோலை என்ற ஒரே இனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் உலகப் போரின்போது, உடன் இருந்தவர்கள் எல்லாம் வயிற்றுநோயில் விழுந்தபோதும் விழாத ஒரு சிப்பாயின் குடலிலிருந்து 1917இல் ஆல்பிரட் நிஸ்லே பிரித்தெடுத்த ஈ.கோலை ரகம், இன்றும் ஜெர்மனியில் மருந்தாக இருக்கிறது. அதே இனத்தின் ஓ157 எச்7 ரகம் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்து ஆளைக் கொல்லும். இனத்தின் பெயரை மட்டும் அட்டையில் போட்டு ரகத்தைச் சொல்லாமல் விற்பது ஏமாற்று. நம் ஊர் மாத்திரைப் பட்டைகள் சிலவற்றில் ‘லாக்டோபாசில்லஸ் ஸ்போரோஜெனஸ்’ என்று இன்னும் அச்சிடுகிறார்கள். பாக்டீரியா வகைப்பாட்டில் அப்படி ஓர் இனமே செல்லாது. உள்ளே இருப்பது பாசில்லஸ் கோஆகுலன்ஸ். உள்ளே இருப்பதன் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லாத பொருளை நம்பி எதிர்ப்பாற்றலை எப்படி ஒப்படைப்பது?

அளவையும் பாருங்கள். ஒரு மனித உடலில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியா இருப்பதாக 2016இல் கணக்கிட்டார்கள். ஒரு மாத்திரையில் ஆயிரம் கோடி இருந்தால் அது பெரிய மாத்திரை. 3800 பேர் நெடுங்காலமாகக் குடியிருக்கும் ஊருக்கு ஒருவர் வந்து சேர்வதற்குச் சமம். அவரை அந்த ஊர் ஏற்றுக்கொள்ளுமா? இஸ்ரேலின் வைஸ்மான் நிறுவனத்தில் எரன் எலினாவ், எரன் செகல் குழுவினர் 2018இல் பதினொரு ரகங்கள் கலந்த புரோபயாடிக்கைக் கொடுத்து, மலத்தோடு நில்லாமல் குடலுக்குள்ளேயே கருவி செலுத்திப் பார்த்தார்கள். சிலர் குடலில் அவை தங்கின. மற்றவர்கள் குடல் அவற்றை அப்படியே வெளியே தள்ளியது. ஆய்வில் பங்கேற்றவர்கள் சிலரே என்றாலும், எல்லோருக்கும் ஒரே புட்டி என்ற எண்ணத்துக்கு இதைவிட நேரான மறுப்பு தேவையில்லை.

வயிற்றுப்போக்குக்கு வருவோம். நம் வீடுகளில் இந்த வணிகம் அதிகம் நடப்பது இங்கேதான். உலகிலேயே அதிகம் ஆராயப்பட்ட ரகங்களில் ஒன்று எல்ஜிஜி. அமெரிக்காவில் அவசரப் பிரிவுக்கு வந்த 971 குழந்தைகளிடம் அதைச் சோதித்தார்கள். கனடாவில் 886 குழந்தைகளிடம் வேறு இரண்டு ரகங்களின் கலவையைச் சோதித்தார்கள். இரண்டு முடிவுகளும் 2018இல் ஒரே இதழில் வெளிவந்தன: மருந்தில்லாத வெற்றுப்பொடி பெற்ற குழந்தைகளைவிட ஒரு நன்மையும் இல்லை. 2020இல் அமெரிக்கக் குடல்நோய் மருத்துவர் சங்கம், தங்கள் நாட்டிலும் கனடாவிலும் குழந்தைகளின் தீவிர வயிற்றுப்போக்குக்குப் புரோபயாடிக் வேண்டாம் என்ற பக்கமே நின்றது. அது பணக்கார நாட்டுக் குழந்தைகளின் கதை, நம் பிள்ளைகளுக்குப் பொருந்தாது என்று சிலர் சொல்வதுண்டு. நியாயமான ஆட்சேபம்தான். அப்படியானால் வேலூருக்கு வாருங்கள்.

வேலூர் சி.எம்.சி. ஆய்வாளர்கள் இந்த விஷயத்தில் செய்த வேலை தமிழர்கள் பெருமைப்பட வேண்டியது. ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கு வந்த குழந்தைகளுக்கு எல்ஜிஜி கொடுத்தபோது, அந்த வைரஸுக்கு எதிரான எதிர்ப்புப் புரதம் கூடியதையும், மறுபடி வயிற்றுப்போக்கு வருவது குறைந்ததையும் 2014இல் கண்டார்கள். இதோடு நின்றிருந்தால் விளம்பரத்துக்கு நல்ல தீனி. அவர்கள் நிற்கவில்லை. ஏழைக் குடியிருப்புகளில் வாய்வழி ரோட்டா தடுப்பு மருந்து சரியாக வேலை செய்வதில்லை. அந்தக் குறையைப் புரோபயாடிக்கும் துத்தநாகமும் தீர்க்குமா என்று 620 கைக்குழந்தைகளிடம் சோதித்தார்கள். எதிர்ப்புச் சக்தி கூடுகிறதா என்பதற்கு இதைவிட நேரடியான பரீட்சை கிடையாது: ரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் ஏறியதா, இல்லையா. 2018இல் வந்த முடிவு, குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை என்பது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்த பிரிவில் சிறு உயர்வு தெரிந்தது; அதை இன்னும் ஆராயவேண்டும் என்றே எழுதினார்கள். அதே ஊர், அதே பாக்டீரியா. ஒரு நிலையில் பலன், இன்னொரு நிலையில் பலனில்லை. ‘நல்ல பாக்டீரியா எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்’ என்ற ஒற்றை வாக்கியம் இங்கே எப்படி நிற்கும்?

எதிர்க்கட்சியின் கையில் இருக்கும் மிக வலுவான ஆயுதம் ஒடிசா. அதை நான் மறைக்கப் போவதில்லை. பினாகி பாணிகிராகி தலைமையிலான குழு, ஒடிசாவின் 149 கிராமங்களில் 4556 பச்சிளங்குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2017இல் நேச்சர் இதழில் வெளிவந்தது. தாய்ப்பால் குடிக்கும், இரண்டு கிலோவுக்குக் குறையாத குழந்தைகள். அவர்களுக்கு லாக்டோபாசில்லஸ் பிளாண்டாரம் ரகம் ஒன்றும், அதற்கு உணவாகும் ஒரு சர்க்கரைப் பொருளும் ஏழே நாள் கொடுக்கப்பட்டன. ரத்தத்தில் நோய்த்தொற்று பரவுவதும் சாவும் சேர்ந்து 9 சதவீதத்திலிருந்து 5.4 சதவீதமாகக் குறைந்தன. பலன் இவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். இதைப் படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. பச்சிளங்குழந்தைகள் இறந்துகொண்டிருக்கும் ஒரு நாட்டில் இது எவ்வளவு பெரிய செய்தி!

ஆனால் அந்த வெற்றி எதைச் சார்ந்தது என்று பாருங்கள். பல ரகங்களைச் சலித்துத் தேர்ந்த ஒரு ரகம். பிறந்த முதல் வாரம், அதாவது குடலில் யார் குடியேறுவது என்பதே இன்னும் முடிவாகாத காலம். தாய்ப்பால் குடிக்கும் குழந்தை. அந்தத் தாய்ப்பாலில் குழந்தையால் செரிக்க முடியாத சர்க்கரைகள் ஏராளமாக இருக்கின்றன. அவை பிள்ளைக்கு நேரடி உணவல்ல, பிள்ளையின் குடலில் வளரவேண்டிய பாக்டீரியாவுக்கு உணவு. இத்தனையும் கூடி வந்த இடத்தில்தான் பலன் கிடைத்தது. ரகத்தையும் குழந்தைகளையும் மாற்றிப் பார்த்தால்? இங்கிலாந்தில் 1310 குறைமாதக் குழந்தைகளுக்கு பைஃபிடோபாக்டீரியம் பிரீவ் ரகம் ஒன்றைக் கொடுத்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. குடல் அழுகலையோ ரத்தத் தொற்றையோ சாவையோ அது குறைக்கவில்லை. 2023இல் அமெரிக்க உணவு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இன்னும் கொடிய செய்தியோடு எச்சரித்தது: மருத்துவமனையில் புரோபயாடிக் கொடுக்கப்பட்ட ஒரு குறைமாதக் குழந்தையின் ரத்தத்தில் அந்தப் பொருளில் இருந்த பாக்டீரியாவே பரவி, குழந்தை இறந்தது. ஒடிசா ஆய்வைக் காட்டி நாற்பது வயதுக்காரருக்குக் காலை உணவோடு ஒரு புட்டி விற்பவர், அந்த ஆய்வைப் படிக்கவில்லை, அல்லது படித்தும் மறைக்கிறார்.

பயன் இல்லாவிட்டால் போகட்டும், கெடுதல் இல்லையே என்பது அடுத்த வாதம். மிக அதிகமாகக் கேட்கும் வாதமும் இதுவே. இதற்குப் பதிலாக நெதர்லாந்தில் 24 சாவுகள் இருக்கின்றன. கணையம் கடுமையாக அழன்ற நோயாளிகளுக்குத் தொற்று வராமல் தடுக்க ஆறு ரக பாக்டீரியாவைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு அது. 2008இல் லான்செட்டில் வந்தது. புரோபயாடிக் பெற்ற 152 பேரில் 24 பேர் இறந்தார்கள். பெறாத 144 பேரில் இறந்தவர்கள் 9 பேர். ரத்த ஓட்டம் நின்று குடல் செத்துப்போனது முதல் பிரிவில் ஒன்பது பேருக்கு. மற்றதில் ஒருவருக்கும் இல்லை. நல்ல எண்ணத்தோடு, கெடுதல் வராது என்ற நம்பிக்கையோடு தொடங்கிய ஆய்வுதான் அதுவும். தீவிர சிகிச்சைப் பிரிவில் பெரிய ரத்தக்குழாயில் குழல் செருகியிருக்கும் நோயாளிகளுக்கு, வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் பௌலார்டி ஈஸ்ட் ரத்தத்தில் ஏறிய சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன.

நலமாக இருப்பவர்களுக்கு? முன்பு சொன்ன வைஸ்மான் குழுவின் இன்னொரு ஆய்வு, ஆன்டிபயாடிக்கோடு புரோபயாடிக் எழுதும் ஒவ்வொருவரும் படிக்கவேண்டியது. ஆன்டிபயாடிக் முடிந்தபின் ஒன்றும் எடுக்காதவர்களின் குடல் பாக்டீரியா சுமார் மூன்று வாரத்தில் ஏறக்குறையப் பழைய நிலைக்கு வந்தது. புரோபயாடிக் எடுத்தவர்களுக்கு ஐந்து மாதம் ஆகியும் முழுதாகத் திரும்பவில்லை. வெளியிலிருந்து வந்தவை இடத்தைப் பிடித்துக்கொண்டு, சொந்தக் குடிகள் திரும்புவதைத் தடுத்தன. இதுவும் சிறிய ஆய்வுதான். ஆனால் ‘கெடுதலே இல்லை’ என்று சத்தியம் செய்பவர்களின் வாயை அடைக்க இது போதும்.

நியாயத்துக்காக இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஆன்டிபயாடிக்கால் குழந்தைகளுக்கு வரும் வயிற்றுப்போக்கைச் சில ரகங்கள், உரிய அளவில் கொடுத்தால் தடுக்கின்றன. 33 ஆய்வுகளைத் தொகுத்த 2019ஆம் ஆண்டு காக்ரேன் அறிக்கைப்படி அது 19 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைந்தது. முதன்மையாக எல்ஜிஜியும் பௌலார்டி ஈஸ்ட்டும், அதுவும் அதிக அளவில். இதை நான் ஏற்கிறேன். சளி, இருமலைப் பற்றி 2022இல் வந்த காக்ரேன் அறிக்கையும் ஓரளவு நன்மை இருக்கலாம் என்கிறது. ஆதாரத்தின் உறுதி குறைவு முதல் நடுத்தரம் வரை என்றும் அதுவே சொல்கிறது. ஆனால் குறிப்பிட்ட ஒரு பக்கவிளைவைக் குறிப்பிட்ட ஒரு ரகம் தடுப்பது வேறு, எதிர்ப்புச் சக்தியைப் பொதுவாகக் கூட்டுவது வேறு. முன்னதற்குக் கிடைத்த சான்றைக் கொண்டு பின்னதை விற்பதைத்தான் எதிர்க்கிறேன்.

சட்டம் கண்டிப்பாக இருக்கும் இடங்களில் இந்த விற்பனை என்ன ஆயிற்று? ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் முன் வைக்கப்பட்ட எதிர்ப்பாற்றல் கோரிக்கைகளில் எந்தப் புரோபயாடிக்கும் தேறவில்லை. உயிருள்ள தயிர் பாக்டீரியா, பால் சர்க்கரை செரிக்காதவர்களுக்கு அதைச் செரிக்க உதவும் என்ற ஒன்றை மட்டும் ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவில் டேனன் நிறுவனம் தன் பால் பானம் சளி, காய்ச்சல் வருவதைக் குறைக்கும் என்று விளம்பரம் செய்தது. 2010 டிசம்பரில் அந்த வாசகங்களைக் கைவிட ஒப்புக்கொண்டு, 39 மாநிலங்களுக்கு 2.1 கோடி டாலர் கட்டியது.

தயிரையும் பழைய சோற்றையும் இந்த விவாதத்துக்குள் இழுத்துவருவது நம்மவர்களின் புதுப் பழக்கம். ‘நம் முன்னோர் அன்றே கண்ட புரோபயாடிக்’ என்று பெருமை பேசுகிறார்கள். பழைய சோறு நல்ல உணவு, வெயில் காலத்தில் அதைவிட நல்லது வேறில்லை. தயிரில் புரதம் இருக்கிறது, சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. இட்லி மாவைப் புளிக்கவைப்பதும் பாக்டீரியாதான். ஆவியில் வெந்ததும் அவை செத்துவிடுகின்றன, ஆனால் இட்லியின் மதிப்பு அதனால் குறைவதில்லை. ஸ்டான்ஃபோர்டில் 36 பேரிடம் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், புளித்த உணவுகளை நிறைய உண்டவர்களின் குடல் பாக்டீரியா வகைகள் பெருகின, ரத்தத்தில் அழற்சிப் புரதங்கள் பத்தொன்பது குறைந்தன. கவனியுங்கள், குறைந்தது அழற்சி. அவர்கள் உண்டது உணவு, மாத்திரை அல்ல. நம் உணவை மதிக்க அதற்கு மருந்துப் பெயர் சூட்டத் தேவையில்லை. சூட்டினால், அடுத்த வருடமே அதைப் பொடியாக்கிப் பத்து மடங்கு விலையில் நமக்கே விற்பார்கள்.

எனக்குக் கோபம் வருவது காசு வீணாவதற்காக மட்டும் அல்ல. 1971இல் வங்கதேச அகதிகள் குவிந்த பன்காவ் முகாமில் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கொடுத்துக் காலராச் சாவை ஏறத்தாழ 30 சதவீதத்திலிருந்து 4 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்தார். அந்தக் கரைசல் இன்று எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசம். துத்தநாக மாத்திரையும் இலவசம். இருந்தும் பாக்டீரியாப் புட்டி கையில் இருந்தால்தான் மருந்து கொடுத்த நிறைவு பெற்றோருக்கு வருகிறது. புட்டியைக் கொடுத்துவிட்டுக் கரைசலை மறந்துவிடும் வீடுகளில் குழந்தை வறண்டுபோகிறது.

மருத்துவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். புரோபயாடிக் எழுதுவதானால் எந்த ரகம், எத்தனை கோடி, எந்த நோய்க்கு, எத்தனை நாள் என்று சீட்டில் எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் அந்த மருந்தையே எழுதாதீர்கள். பெற்றோரே, வயிற்றுப்போக்கு வந்த பிள்ளைக்கு முதலில் ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொடுங்கள், துத்தநாகத்தைச் சொன்ன நாள் வரை நிறுத்தாமல் கொடுங்கள், தாய்ப்பாலை ஒரு வேளையும் நிறுத்தாதீர்கள். சளிக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும் நீங்களாக ஆன்டிபயாடிக் வாங்காதீர்கள். உங்கள் குடலில் இருக்கும் பாக்டீரியாவுக்கு நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி அது.